எச்.டி.ஆர்: இயங்காத ஒரு வீச்சு

அக்கா மகன் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து போனில் கேட்டான். "மாமா, எச்.டி.ஆர்ன்னா 'உயர் இயங்கு வீச்சு'ன்னு ஒரு இடத்துல வாசிச்சேன். அப்போ படம் ஸ்பீடா ஓடுறதுதானே? அதுக்கு பெரிய கார்டு போடணும்தானே?"

கம்ப்யூட்டரை வீட்டு டிவியில் மாட்டி கேம் விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை. பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கென்று, அதாவது கம்ப்யூட்டருக்குள் படத்தைக் கணக்குப் போட்டுத் திரைக்கு அனுப்பும் பாகத்துக்கென்று, காசும் சேர்த்து வைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. 'இயங்கு' என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் ஓட்டம்தான் ஞாபகம் வரும். மொழிபெயர்ப்பு ஒரு சொல்லில் வழுக்கினால் ஒருவருடைய காசு தப்பான இடத்துக்குப் போகும். அதனால் அந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டிவிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எச்.டி.ஆர் என்பது ஹை டைனமிக் ரேஞ்ச், நல்ல இருட்டையும் நல்ல வெளிச்சத்தையும் ஒரே படத்தில் காட்டும் முறை. இதில் வம்பு பண்ணுவது நடுவிலிருக்கும் 'டைனமிக்'. கிரேக்கத்தில் 'டைனமிஸ்' என்றால் வலிமை, ஆற்றல். சைக்கிள் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோ அதே வேர். நோபல் 1867இல் காப்புரிமை வாங்கிய டைனமைட்டும் அதே வேர்தான். ஆற்றலால் பொருள் நகர்வதால், பிற்காலத்தில் இயக்கம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ஆனால் எச்.டி.ஆருக்குள் வந்த 'டைனமிக்' அந்த வழியில் வரவில்லை, சங்கீதத்தின் வழியே வந்தது. மேலைச் சங்கீதத்தில் எங்கே மெல்ல வாசிப்பது, எங்கே ஓங்கி வாசிப்பது என்பதற்குத்தான் 'டைனமிக்ஸ்' என்று பெயர். ஒலிப்பதிவுக்காரர்கள் அதை எடுத்து, ஒரு கருவி பிடிக்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு 'டைனமிக் ரேஞ்ச்' என்று பேர் வைத்தார்கள்.

தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தைப் போனில் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தப்பு மேளத்தில் அடி விழும்போது ஒலி கரகரத்து உடையும். அதற்குப் பயந்து ஒலியைக் குறைத்து வைத்தால், நடுவில் வரும் ஒற்றைக் குரல் பாட்டு காதில் விழாது. தப்பும் குரலும் அங்கே நேரில் நிற்கிற நம் காதுக்குள் ஒன்றாக அடங்கிவிடும். போனுக்குள் அடங்காது. போனின் டைனமிக் ரேஞ்ச் சிறியது, அவ்வளவுதான் விஷயம். இதில் எதுவும் வேகமாக இயங்கவில்லை.

அடுத்தது 'ரேஞ்ச்'. பழைய பிரெஞ்சில் அது வரிசையைக் குறித்த சொல். மலைகள் வரிசையாக நிற்பதால்தான் ஆங்கிலத்தில் மலைத்தொடருக்கும் அதே பெயர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு 'லைன்' என்று வெள்ளைக்காரன் சொன்னதை 'லயம்' ஆக்கிக்கொண்டவர்கள் மலையகத்து நாம், வேலைக்கு ஆள் கூட்டும் 'பரேட்'டை 'பெரட்டு' ஆக்கியவர்களும் நாம்தான். ஆகவே கடன் சொல்லைக் கண்டு எனக்குப் பயமில்லை. தப்பாகப் பொருள் சொல்லும் தமிழ்ச் சொல்லைக் கண்டால்தான் பயம்.

ரேஞ்சுக்கு 'வரம்பு' என்றும் எழுதுகிறார்கள். வரம்பு வயலின் ஓரத்தில் இருப்பது. நமக்கு வேண்டியது ஓரம் அல்ல, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கிடக்கிற வயல். 'வீச்சு' இதைவிட நூறு மடங்கு நல்ல சொல். வலை வீச்சு, அரிவாள் வீச்சு என்று எட்டும் தூரத்தைச் சொல்வது. நமக்கு அதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது: சாப்பாட்டுக் கடை வீச்சு ரொட்டி. சின்ன மாவுருண்டை, வீச வீச அகலும். இந்த ரொட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து மறுபடி தேவைப்படும்.

மிஞ்சியது 'ஹை'. 'உயர்' என்று போட்டதும் எல்லோரும் வெளிச்சம் கூடும் என்று நினைத்துவிடுகிறார்கள். கடையிலும் டிவியின் பிரகாசத்தை முழுதாக ஏற்றி வைத்து "பாருங்க, இதுதான் எச்.டி.ஆர்" என்று காட்டுவார்கள். அது வெறும் கண்கூச்சம். டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை யாத்திரை சீசன் நடக்கும்போது, மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ராத்திரி சிவனொளிபாத மலையைப் பார்த்திருப்பீர்கள். 2,243 மீட்டர் மலை கன்னங்கரேலென்று நிற்கும், அதன் மேல் படிக்கட்டு விளக்குகள் மாலையாகத் தொங்கும். விளக்கு கூர்மையாகத் தெரிய வேண்டும், மலை கறுப்பாகவே இருக்க வேண்டும், அந்தக் கறுப்புக்குள் மரத்தின் உருவமும் மங்கலாகத் தெரிய வேண்டும். சாதாரணப் படத்தில் இதில் ஒன்று செத்துவிடும். வெளிச்சத்தை ஏற்றினால் மலை சாம்பலாகும், குறைத்தால் விளக்குகள் மங்கும். எச்.டி.ஆர் காட்ட நினைப்பது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை. அங்கே 'உயர்'வதற்கு ஒன்றுமில்லை, அகல்வதுதான் நடக்கிறது.

இந்தச் சிக்கல் படம் பிடிக்கத் தொடங்கிய காலத்திலேயே உண்டு. 1850களில் குஸ்தாவ் லு க்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டார். 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும், பல அளவு வெளிச்சத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து உண்மையான ஒளி அளவைக் கணக்கிடும் முறையை எழுதினார்கள். கேம் பக்கம் வால்வ் நிறுவனம் 2005இல் 'ஹாஃப் லைஃப் 2: லாஸ்ட் கோஸ்ட்' என்ற சிறு பகுதியை வெளியிட்டதே இதைக் காட்டத்தான். ஆனால் கவனியுங்கள்: அன்றைக்குக் கார்டு உள்ளே அகலமான ஒளியைக் கணக்குப் போட்டது. திரைக்கு அந்தத் திராணி இல்லாததால், கடைசியில் அதைச் சுருக்கித்தான் அனுப்பியது. சுருக்காமல் அனுப்பினால் வாங்கிக்கொள்ளும் டிவிகளுக்கான எச்.டி.ஆர்10 என்ற பொது வடிவம் 2015இல்தான் வந்தது. ஒரே பெயர், ஆனால் பொருள் கார்டின் கணக்கிலிருந்து திரைக்கு இடம் மாறிவிட்டது. சொல் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருமகன் கேள்விக்கான பாதிப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. இன்றைய பெரிய கேம்கள் பெரும்பாலும் உள்ளே அகலமான ஒளியில்தான் கணக்குப் போடுகின்றன. எனவே எச்.டி.ஆரை ஆன் செய்வதால் கார்டுக்குப் பெரிய சுமை ஏறாது. சுமை ஏற்றுவது 4கே என்ற திரை அளவு. முழு எச்.டி திரையில் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், 4கேயில் 82 லட்சத்துச் சொச்சம். நாலு மடங்கு. பெரிய கார்டு வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த நாலு மடங்குதான் தீர்மானிக்கும்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு 'நிட்'. லத்தீனில் 'நிதேரே' என்றால் ஒளிர்தல். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டலா என்பது ஒரு நிட். கேண்டலா என்றால் மெழுகுதிரி. அந்தச் சொல்லும் நம்முடைய சந்திரனும் ஒரே ஆதி வேரில் கிளைத்தவை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. பழைய முறைப் படம் 100 நிட்டை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. எச்.டி.ஆர்10 பயன்படுத்தும் ஒளிக்கணக்கு 10,000 நிட் வரை எழுத இடம் விட்டிருக்கிறது. எழுத இடமிருப்பது வேறு, டிவி அதைக் காட்டுவது வேறு. மலிவான டிவிகள் 300 நிட்டைச் சுற்றியே நின்றுவிடும்.

இப்போது ரொட்டிக்கு வருவோம். பழைய முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். அதே மாவை இவ்வளவு அகலத்துக்கு வீசினால் என்ன ஆகும்? ரொட்டி கிழியும். திரையில் அந்தக் கிழிசல் எப்படித் தெரியும் என்றால், பனிமூட்டம் போட்ட வானம் வழுவழுப்பாக மங்காமல், நுவரெலியா மரக்கறித் தோட்டம் மாதிரி படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரியும். அதனால்தான் எச்.டி.ஆர்10க்கு 10 பிட் வைத்தார்கள். 1,024 படிகள், நாலு மடங்கு மாவு.

மாவு கூடினால் அதைக் கொண்டுபோகும் வழியும் அகலமாக வேண்டும். டிவிக்குப் போகும் கேபிளைச் செருகும் வாசலுக்கு எச்.டி.எம்.ஐ என்று பெயர். அதில் பழைய 2.0 வகையில் நொடிக்கு 18 ஜிகாபிட் போகும். 4கே, நொடிக்கு 60 படம், முழு நிறத்தோடு 10 பிட் என்றால் 22க்கு மேல் வேண்டும். ஆகவே பழைய வாசலில் கார்டு நிற விவரத்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்பும். சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற தூரத்தில் கேமில் அது பெரிதாகத் தெரியாது, சின்ன எழுத்துகளின் ஓரத்தில்தான் நிறம் கசியும். 2.1 வாசலுக்கு 48 ஜிகாபிட் வரை இடமுண்டு, அதில் 4கே 120 படமும் போகும். கார்டு செய்யும் நிறுவனங்களில், என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ் 30 வரிசை முதல், ஏ.எம்.டியில் ஆர்.எக்ஸ் 6000 வரிசை முதல் 2.1 வந்தது, இரண்டும் 2020. அதற்கு முந்திய ஜி.டி.எக்ஸ் 10 வரிசையும் ஆர்.எக்ஸ் 400 வரிசையும் 2016இலேயே எச்.டி.ஆர் அனுப்பும், ஆனால் பழைய வாசல் வழியாக. உங்கள் டிவி 60 படத்துக்கு மேல் காட்டாது என்றால் 2.1க்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. கடையில் வெறுமனே "2.1 இருக்கா" என்றும் கேட்காதீர்கள். அந்த எண்ணை ஒட்டிக்கொண்டு பாதி வசதியோடு வரும் பொருட்களும் உண்டு. "4கே 120 போகுமா, எந்த வாசல்ல போகும்" என்று கேளுங்கள். சில டிவிகளில் நாலு வாசலில் ஒன்றோ இரண்டோதான் அப்படி.

கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கிராபிக்ஸ்' கீறுதல், வரைதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'வரைகலை' அழகாகவே பொருந்துகிறது. 'வரை' என்றால் மலை என்றும் ஒரு பொருள் உண்டு என்பதால் நமக்குக் கூடுதல் சந்தோஷம். 'கார்டு'க்கு மூலம் பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல். நம் 'கடதாசி'யும் சுற்றிச் சுற்றி அங்கேயிருந்து வந்ததுதான். ஆனால் 'வரைகலை அட்டை' என்ற முழுத் தொடரை மட்டும் என்னால் வீட்டில் சொல்ல முடியாது. கொழுந்து மலைக்குப் போய் வந்த அம்மாவுக்கு அட்டை என்றால் ஒரே பொருள்தான், உடனே கால் விரல் இடுக்கைப் பார்ப்பார். கார்டு கார்டாகவே இருக்கட்டும்.

எச்.டி.ஆருக்கு என் பரிந்துரை இது. டைனமிக் ரேஞ்சுக்கு 'இருளொளி வீச்சு'. ஒலியைப் பற்றிப் பேசும்போது 'ஒலிவீச்சு' போதும். வெறுமனே 'ஒளிவீச்சு' என்று வைக்கலாமே என்றால், ஒளி வீசுவது நமக்குப் பிரகாசிப்பதுதான். மறுபடியும் அதே குழியில் விழுவோம், இருட்டு காணாமல் போகும். ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதற்கு 'அகல் இருளொளி வீச்சு', பேச்சில் சுருக்கி 'அகல்வீச்சு'. அகலிடம், அகல்விசும்பு என்று பரந்ததைச் சொன்ன அதே பழைய 'அகல்'. கார்த்திகைக்கு வாசலில் ஏற்றும் அகலும் காதில் விழுகிறது, இருட்டுக்கு நடுவில் ஒரு சுடர். பழைய முறைக்கு 'இயல்வீச்சு' என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி வைத்தால் டிவிப் பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதையும் பிரித்துப் பேச முடியும்: அகல்வீச்சை ஏற்கும் டிவி, அகல்வீச்சைக் காட்டும் டிவி. முன்னது சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பின்னதற்கு இருட்டை இருட்டாக வைக்கத் தெரியும். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே அணையும். எல்.ஈ.டி என்றால் பின்விளக்கு பகுதி பகுதியாக மங்க வேண்டும். இதில் எதையும் கார்டு செய்து தராது. கார்டு விளக்கல்ல, அது எண்களை அனுப்பும் தபால்காரன்.

மருமகன் வீட்டு டிவி 60 படம் காட்டும் சாதாரண எல்.ஈ.டி. அதனால் நடுத்தரமான பாவித்த கார்டு ஒன்றைப் பார்க்கச் சொன்னேன், மிச்சக் காசில் நல்ல பவர் சப்ளையும் யு.பி.எஸ்ஸும். நம்ம பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் படுத்தும் பாடு தெரிந்ததுதானே. மாட்டிய அன்றைக்கே போன் வந்தது: "மாமா, எச்.டி.ஆர் சுவிட்சே வரலை." நானும் கார்டில்தான் கோளாறு என்று நினைத்து, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போடு என்று இரண்டு மணி நேரம் அவனை அலைக்கழித்தேன். கடைசியில் பார்த்தால், கேபிளை மதர்போர்டில் இருக்கும் வாசலில் செருகியிருக்கிறான். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கார்டில் மாற்றிச் செருகிய பிறகும் வரவில்லை. டிவி அமைப்பில் அந்த வாசலுக்கு விரிவான சிக்னலை அனுமதிக்கும் ஒரு தெரிவு அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும் வந்தது. வந்ததும் அடுத்த புகார், டெஸ்க்டாப் எல்லாம் வெளிறிப்போய் இருக்கிறதாம். அது வழக்கம்தான். இயல்வீச்சுப் படத்தை அகல்வீச்சுத் திரையில் போட்டால் அப்படித்தான் தெரியும், வின்டோஸ் அமைப்பில் அதற்கென்று இருக்கும் பிரகாச அளவை நகர்த்தினால் சரியாகும். டிவியைக் கேம் மோடில் வை, இல்லாவிட்டால் பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிப்பான் என்றும் சொன்னேன்.

ராத்திரி ஒரு செய்தி வந்திருந்தது. "அகல் போட்டாச்சு மாமா. குகைக்குள்ள போனா ஒண்ணுமே தெரியல, அது சரிதானா?"

குகைதானே, பாதி சரி என்று பதில் போட்டேன். மீதிப் பாதிக்கு நாளைக்குக் கேமுக்குள் இருக்கும் பிரகாச அளவைப் பார்க்க வேண்டும்.