நிலைவாசலில் நிற்கும் முக்கோணம்

“3, 4, 8 என்று மூன்று நீளம் கொடுத்தால் முக்கோணம் வராது என்கிறாள் பேத்தி. சின்னது இரண்டையும் கூட்டினால் 7, அது 8-ஐ எட்டவில்லையாம். கூட்டலுக்கும் முக்கோணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.” கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்.

ஆச்சி கேட்டதுதான் உண்மையான கேள்வி. விதி சின்னது: எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பள்ளியில் முக்கோணச் சமனின்மைப் பண்பு என்பார்கள். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதைத் தன் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் 20-ஆவது தேற்றமாக நிறுவினார். புல்லுக்குச் சுற்றிப் போகாமல் நேராகப் போகிற கழுதைக்கே தெரிந்ததை நிரூபிப்பானேன் என்று எபிக்யூரியர்கள் (கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்யூரஸின் வழிவந்தவர்கள்) கேலி செய்ததாக, 5-ஆம் நூற்றாண்டில் புரோக்ளஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞர் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும்: நெருப்பு சுடும் என்பது தொட்டவர்களுக்கெல்லாம் தெரியும், எப்படிச் சுடுகிறது என்று சொல்வதுதான் அறிவு.

சரி, காரணத்துக்கு வருவோம். ஆச்சி, உங்கள் வீட்டு நிலைவாசலில் தேக்கு இரட்டைக் கதவு இருக்கும். அதைக் கொஞ்சம் மாற்றிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிலையின் அகலம் 8 அடி. இடப்பக்கக் கதவு 3 அடி, வலப்பக்கக் கதவு 4 அடி. இரண்டையும் சாத்துங்கள். நடுவில் ஓர் அடி இடைவெளி விழுகிறது. கொஞ்சம் திறந்து பார்த்தால்? இன்னும் மோசம். கதவு திரும்பத் திரும்ப அதன் நுனி எதிர்க்கதவை விட்டு விலகித்தான் போகும். நன்றாகச் சாத்தியிருக்கும்போதுதான் இரண்டு நுனிகளும் மிக நெருக்கமாக இருக்கின்றன. அப்போது கதவுகள் அடைக்கும் தூரம் 3-உம் 4-உம் சேர்ந்த 7. கூட்டல் வருவது இங்கேதான். கூட்டினால் கிடைப்பது, இரண்டு கதவுகளும் சேர்ந்து எட்டக்கூடிய அதிகபட்ச தூரம்.

இனி நிலையைக் குறுக்குங்கள். 7 அடி ஆனதும் நுனிகள் தொட்டுக்கொள்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே கோட்டில் படுத்துக் கிடக்கின்றன. முக்கோணம் இல்லை. 6 அடி ஆக்கினால் கதவுகளைச் சாத்தவே முடியாது. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, நுனிகள் சேர்ந்து வாசலுக்கு முன்னால் கூம்பாக நிற்கும். அதுதான் முக்கோணம்! ஒவ்வொரு நுனியும் தன் கதவின் குடுமியைச் (கதவு சுழலும் முளையை) சுற்றித் தரையில் ஒரு வட்ட வில் வரைகிறது. அந்த இரண்டு வில்களும் வெட்டிக்கொள்ளும் இடமே மூன்றாவது முனை. காம்பஸ் வைத்து வரையும்போது பேத்தி செய்வதும் இதுதான். வாசலின் ஒரு பக்கத்தில் அவை வெட்டுவது ஒரே ஒரு புள்ளியில். அதனால்தான் மூன்று நீளம் சொன்னால் ஒரே ஒரு வடிவம் அமைகிறது, கூரைச் சட்டத்தில் முக்கோணம் அசையாமல் நிற்கிறது.

இன்னும் குறுக்கினால் என்ன ஆகும் என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆசை. 5, 4, 3, 2... நிலை குறுகக் குறுக, கூம்பு மெல்ல இடப்பக்கம் சாய்கிறது. சின்னக் கதவு முழுக்கத் திறந்து இடச்சுவரை நோக்கிப் போகிறது, பெரிய கதவு வாசலைத் தாண்டி அதன் பின்னாலேயே வருகிறது. நிலை 1 அடி ஆகும்போது இரண்டும் இடச்சுவரோடு ஒட்டிப் படுத்துவிடுகின்றன. மறுபடியும் கோடு. அதற்கும் கீழே பெரிய கதவின் நுனி எப்போதும் மிஞ்சி நிற்கும், சின்னது அதை எட்டாது. ஆக, 3-உம் 4-உம் இருந்தால் மூன்றாவது பக்கம் 1-க்கு மேல், 7-க்குள் இருக்க வேண்டும். கழித்தால் கீழ் எல்லை, கூட்டினால் மேல் எல்லை.

மூன்று கூட்டல்களும் தேவையா? வேண்டாம். 5, 9, 12 என்றால் 5+9 மட்டும் பாருங்கள். மற்ற இரண்டு கூட்டல்களிலும் 12 இருக்கிறது, அது தனியாகவே மற்றதைவிடப் பெரிது. நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: 0.1, 0.2, 0.3 நேர்கோடுதான், முக்கோணம் அல்ல. ஆனால் கணினி இரும எண்களில் கூட்டும்போது 0.1+0.2 என்பது 0.30000000000000004 என்று வரும். அது 0.3-ஐவிடத் துளி பெரிது என்பதால் முக்கோணம் என்று சொல்லிவிடும். தசம அளவுகளை மில்லிமீட்டர் போல முழு எண்ணாக மாற்றிக்கொண்டு சோதிப்பது நல்லது.

இது பரீட்சைக்கு மட்டுமான கணக்கு அல்ல. காரைக்குடிப் பக்கம் ஒரு மூலை மனை விலைக்கு வந்தபோது, எங்கள் உறவினர் மனையடி பார்ப்பவரை அழைத்து வந்தார். முக்கோண மனை குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் சொல்ல, வீட்டில் ஒரு வாரம் தூக்கம் இல்லை. மனையின் வடிவம் குடும்பத்தை ஒன்றும் செய்யாது, அந்தப் பயத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் தரகர் எழுதித் தந்த சீட்டில் 42 அடி, 55 அடி, 100 அடி என்று இருந்தது. 42-உம் 55-உம் 97. அப்படி ஒரு மனை பூமியில் எங்கும் இருக்க முடியாது. ஒரு வாரமாக அந்தச் சீட்டு கைமாறிக்கொண்டே இருந்தும் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். அப்புறம் டேப் பிடித்து அளந்தோம். 100 என்று எழுதியிருந்த பக்கம் 80 அடிதான் இருந்தது.