ஆர்மோனிகா: ஊதுவதா, உரசுவதா?

ஹார்மோனிகா என்றால் நமக்கு மவுத் ஆர்கன்தான். ஆனால் அந்தப் பெயர் அதற்கு வருமுன்னே ஒரு கண்ணாடிக் கருவியிடம் இருந்தது.

ஒயின் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி, ஈர விரலால் விளிம்பைத் தேய்த்து வாசிப்பது 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபலம். லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்கிளின் அதைக் கேட்டுச் சொக்கிப்போனார். ஆனால் தண்ணீரை அளந்து அளந்து சுதி சேர்ப்பது பெரும்பாடு. 1761 வாக்கில் அவர் தண்ணீரையே எடுத்துவிட்டார். அளவில் ஒன்றைவிட ஒன்று சிறிதாக 37 கண்ணாடிக் கிண்ணங்கள். நடுவே துளையிட்டு ஒரே இரும்புத் தண்டில் படுக்கைவாட்டில் கோத்தார். தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்தால் தண்டு சுழலும். ஈர விரலை விளிம்பில் வைத்தால் போதும். பெரிய கிண்ணத்தில் கீழ்ச்சுரம், சிறியதில் மேல்சுரம்.

விரல் கண்ணாடியை ஒரு கணம் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்குப் பல நூறு முறை இப்படி நடக்க, விளிம்பு அதிர்கிறது. வயலினில் வில் செய்கிற வேலைதான். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கிண்ணம் வாயே திறக்காது. நம் ஜலதரங்கம் இதற்குத் தூரத்து உறவு: அங்கே பீங்கான் கிண்ணம், குச்சியால் தட்டுவது, ஒலி எழுந்து அடங்கிவிடும். இங்கே விரல் இருக்கும்வரை ஒலி நீளும். கண்பார்வையற்ற மரியானே கிர்ஷ்கெஸ்னர் வாசிப்பதற்காக 1791-இல் மோட்சார்ட் இதற்கு ஓர் ஐவர் இசை எழுதினார்.

சரி, பெயர். 1762-இல் இத்தாலிய அறிஞர் பெக்காரியாவுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் இனிய மொழியிலிருந்தே எடுத்தேன் என்று சொல்லி ‘ஆர்மோனிகா’ எனப் பெயரிட்டார் பிராங்கிளின். முன்னால் ‘ஹ’ ஒட்டிக்கொண்டது பிற்பாடு. வேர், ‘பொருந்துதல்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் ஹார்மோனியா. ஆர்மோனியப் பெட்டியும் அதே குடும்பம்தான். தமிழில் ‘இசைதல்’ என்றாலும் பொருந்துதல், உடன்படுதல்தானே!

சரி, இந்தக் கருவியைத் தமிழில் எப்படி அழைப்பது? ‘இசைதலை’ வைத்து ‘கண்ணாடி இசைவி’ எனலாம். ஆனால் எல்லா வாத்தியமும் இசைவிதான். ‘கண்ணாடி யாழ்’ கேட்க அழகு, ஆனால் நரம்பு இல்லாமல் யாழ் ஏது? உலோக வாத்தியங்களைச் சொல்லும் கஞ்சக்கருவி என்ற வகையில் சேர்க்கவும் முடியாது, கஞ்சம் என்பது வெண்கலம். ஊதும் குழலை ஊதுகுழல் என்கிறோம். உரசும் கிண்ணம் உரசுகிண்ணம். நான் இப்படித்தான் எழுதப்போகிறேன். மவுத் ஆர்கன் மவுத் ஆர்கனாகவே இருக்கட்டும்.