கவசம் போட்டால் அடி கூடுமா?

முதல் தலைமுறைப் போக்கிமான் விளையாட்டுகளில் மொத்தம் 151 ஜந்துக்கள். அவற்றில் தற்காப்பு அதிகம் உள்ளது க்ளாய்ஸ்டர், சிப்பிக்குள் சிப்பியாக இருக்கும் ஒரு கடல் பிராணி. அதற்கு வித்ட்ரா என்றொரு வித்தை தெரியும். ஓட்டுக்குள் ஒடுங்கித் தன் தற்காப்பை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளும். ரிஃப்ளெக்ட் என்ற இன்னொரு வித்தையையும் அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். அது முன்னால் ஒரு சுவரை எழுப்பி, உடல்தாக்குதல்களுக்கு எதிரான தற்காப்பை இரு மடங்காக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எந்த அடியும் உறைக்காது என்றுதானே நினைப்போம்? நடப்பது நேரெதிர். இரண்டும் போட்ட க்ளாய்ஸ்டர், எதுவுமே போடாத க்ளாய்ஸ்டரைவிடக் கூடுதலாக அடி வாங்குகிறது.

ஜப்பானில் 1996-இலும் அமெரிக்காவில் 1998-இலும் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வெளிவந்த விளையாட்டுகள் இவை. இன்று அவற்றின் நிரல் எல்லோருக்கும் தெரியும். கேட்ரிட்ஜில் இருந்த இயந்திர மொழியை ரசிகர்கள் வரிவரியாகப் பிரித்து, படிக்கக்கூடிய அசெம்பிளியாக எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் நிரலைத் திறக்காமலே, திரையில் தெரியும் எண்களை வைத்துக்கொண்டு இந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அதில்தான் ருசி அதிகம்.

முதல் தலைவலி, அடியை அளப்பது. எதிராளியின் ஹெச்பி (மிச்சமுள்ள உயிர்ப்புள்ளிகள்) எண்ணாகத் தெரியாது, 48 பிக்சல் நீளமுள்ள ஒரு பட்டைதான் தெரியும். லெவல் 100 க்ளாய்ஸ்டருக்கு ஹெச்பி 303 வரை போகும், அதாவது ஒரு பிக்சலுக்கு ஆறு புள்ளிக்கு மேல். அந்தப் பட்டையைப் பார்த்து 35-ஆ 38-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. நம்முடைய ஜந்துவின் ஹெச்பி மட்டுமே எண்ணாகத் தெரியும். ஆகவே அளக்க விரும்புகிறவர் அடிக்கிறவராக இருந்தால் வேலைக்காகாது, அடி வாங்குகிறவராக இருக்க வேண்டும். இரண்டு கேம் பாய்களைக் கேபிளால் இணைத்து மோதவிடுவது நல்லது. தனியாக ஆடும்போது நாம் ஜெயித்த பேட்ஜ்கள் சில திறன்களை எட்டில் ஒரு பங்கு கூட்டிவிட்டுக் கணக்கைக் குழப்பும். கேபிள் போட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது தலைவலி, சரியான விடை என்பது ஒற்றை எண் இல்லை. கணக்கெல்லாம் முடிந்த பிறகு, 217-லிருந்து 255 வரையுள்ள 39 எண்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதால் பெருக்கி 255-ஆல் வகுப்பார்கள். அதனால் ஒரே அடி ஒரு தடவை 72 என்றும் அடுத்த தடவை 64 என்றும் விழும். 'நேற்று 72 வந்தது, இன்று 64-தான் வருகிறது, பக் இருக்கிறது' என்று கிளம்பும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேயே அடங்கிவிடும். வந்த எண் வரக்கூடிய எல்லைக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எல்லையைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அடிப்பது டாரஸ் என்ற காளை. லெவல் 100, தாக்குதல் 298. அது பாடி ஸ்லாம் என்ற வித்தையால் மோதுகிறது, வலிமை 85. க்ளாய்ஸ்டரின் தற்காப்பு 458, அந்த லெவலில் அதன் உச்சம். கணக்கு இப்படிப் போகும்: லெவலை 2-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்து 2 கூட்டினால் 42. அதை வலிமையாலும் தாக்குதலாலும் பெருக்கி, தற்காப்பால் வகுத்து, பிறகு 50-ஆல் வகுத்து, 2 கூட்ட வேண்டும். ஒவ்வொரு வகுத்தலிலும் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இதுவரை 48. பாடி ஸ்லாம் டாரஸின் சொந்த இனத்து வித்தை (இரண்டுமே நார்மல் என்ற இனம்) என்பதால் பாதியைக் கூடுதலாகச் சேர்த்தால் 72. அப்புறம் அந்த 217–255 குலுக்கல். ஆக, எல்லை 61 முதல் 72 வரை.

இதே முறையில் வித்ட்ரா மட்டும் போட்டால் 40 முதல் 48. ரிஃப்ளெக்ட் மட்டும் போட்டால் 31 முதல் 37. இரண்டும் சேர்ந்தால் 21 முதல் 25 வர வேண்டும். விளையாட்டில் முதல் மூன்றும் காகிதத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. நான்காவதில் மட்டும் 79 முதல் 93 வரை விழுகிறது. தனித்தனியாக இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன, கூட்டுச் சேர்ந்தால்தான் கெடுகின்றன.

உடனே பக் என்று முடிவுகட்டக் கூடாது, மற்ற சந்தேக நபர்களையும் ஒருமுறை விசாரித்துவிட வேண்டும். அதிர்ஷ்டம்? 21–25 எல்லையிலிருந்து 79-ஐ எந்தக் குலுக்கலும் தராது. கிரிட்டிகல் ஹிட், அதாவது எப்போதாவது விழும் பேரடி? அது விழுந்தால் திரையிலேயே சொல்லிவிடும், தவிர இந்த மோதலில் கிரிட்டிகலின் எல்லை 117 முதல் 138. (இந்தத் தலைமுறையில் கிரிட்டிகல் என்பது லெவலை இரட்டிப்பாக்கிவிட்டு, இரு தரப்பும் கூட்டிக்கொண்ட திறன்களையெல்லாம் மறந்துவிடும். அதனால் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடித் தாக்குதலை இரு மடங்காக்கிக்கொண்டவருக்கு கிரிட்டிகல் விழுந்தால் லாபமில்லை, இம்மியளவு நஷ்டம்கூட வரும். இதைப் பிழை என்பதா, வடிவமைப்பு என்பதா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.) இனப் பொருத்தம்? நார்மல் இனத்து அடி, நீர்–பனி இனமான க்ளாய்ஸ்டருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இனப் பொருத்தம் பற்றித் திரை சொல்வதை நம்பியும் ஏமாறலாம். கயரடோஸ் நீரும் பறவையும் கலந்த இனம். புல் இனத்து அடி நீருக்கு இரட்டிப்பு, பறவைக்குப் பாதி. மொத்தத்தில் சாதாரண அடிதான், விழுவதும் அதுவே. ஆனால் திரையில் 'அவ்வளவாகப் பலிக்கவில்லை' என்று வரும். பொருத்த அட்டவணையில் கடைசியாகப் பார்த்த வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த வாசகத்தைப் போடுகிறார்கள். டேமேஜ் கணக்கு சரி, அறிவிப்புதான் தப்பு. வாசகத்தைப் படித்துவிட்டுக் கணக்கைச் சந்தேகிப்பவர் தவறான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

சரி, 93-க்கு வருவோம். விடையிலிருந்து பின்னோக்கி நடந்து பார்க்கலாம். 93 என்பது எதையோ பாதியோடு கூட்டிய எண், அந்த எண் 62. இரண்டைக் கழித்தால் 60. ஐம்பதால் வகுத்து 60 வந்திருப்பதால், வகுக்கும் முன் 3000-க்கும் 3049-க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். 42, 85, 298 மூன்றையும் பெருக்கினால் 10,63,860. இதை எந்தத் தற்காப்பால் வகுத்தால் அந்த இடைவெளிக்குள் வரும்? 349 முதல் 354 வரை. க்ளாய்ஸ்டரின் உண்மையான தற்காப்பு 458-இன் ஒன்றரை மடங்கு 687, அதன் இரு மடங்கு 1374. இயந்திரமோ 350 வாக்கில் ஏதோ ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. 1374-இல் 350-ஐக் கழித்தால் கிடைப்பது 1024.

நிரல் எழுதுகிறவர்களுக்கு 1024 என்ற எண்ணைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது அது. மடங்கு தப்பியிருந்தால் விடை சரிபாதியாகவோ கால்வாசியாகவோ பிசகியிருக்கும். இங்கே பிசகியது ஒரு கழித்தல், அதுவும் இப்படி ஓர் எண்ணைக் கழித்தல். எங்கோ ஒரு பாத்திரம் நிரம்பி வழிந்திருக்கிறது.

கேம் பாயின் செயலி 8 பிட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். இரவு 23 மணிக்கு அடுத்து 0 மணி வருவதுபோல, 255-க்கு அடுத்து மறுபடி 0. அந்தச் செயலிக்குப் பெருக்கலுக்கோ வகுத்தலுக்கோ தனிக் கட்டளை கிடையாது, எல்லாவற்றையும் கூட்டலிலும் கழித்தலிலும் நகர்த்தலிலும் ஒப்பேற்ற வேண்டும். அதற்காக எழுதிய துணைநிரல்கள் ஒரு பைட்டளவு எண்ணால்தான் பெருக்கும், வகுக்கும். ஆனால் தாக்குதலும் தற்காப்பும் 255-ஐத் தாண்டுமே? அதற்கு ஒரு சமயோசிதமான வழி வைத்திருந்தார்கள். இரண்டில் ஒன்று 255-ஐத் தாண்டினாலும் இரண்டையுமே நான்கால் வகுத்துவிடுவது. விகிதம் மாறாது, எண் சிறியதாகிவிடும். எந்தத் திறனும் 999-ஐத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பும் இருந்தது. 999-ஐ நான்கால் வகுத்தால் 249. பைட்டுக்குள் கச்சிதமாக உட்காரும்.

ஓட்டை இருந்தது ரிஃப்ளெக்ட்டில். வித்ட்ரா தற்காப்பைக் கூட்டும்போது 999 வரம்பைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டும். ரிஃப்ளெக்ட் அப்படியல்ல. அது அடி விழும் நொடியில், கணக்கின் நடுவே, வரம்பெல்லாம் பார்த்து முடித்த பிறகு தற்காப்பை இரட்டிப்பாக்குகிறது. 1374-ஐ நான்கால் வகுத்தால் 343. பைட்டில் அடங்காது, 256 உதிர்ந்துபோய் 87 மிஞ்சும். சுவர் எழுப்பாமலிருந்தால் 687-இல் கால் பங்கு 171 கிடைத்திருக்கும். சுவரால் அது பாதியாகிவிட்டது. நான்கால் வகுத்த பின் 256 உதிர்வதும், வகுக்கும் முன் 1024 உதிர்வதும் ஒன்றுதான்.

இந்த ஊகம் சரியா என்று பார்க்க, இன்னும் பார்க்காத ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வித்ட்ராவை இரண்டு முறை போட்டால் தற்காப்பு 916. ரிஃப்ளெக்ட் சேர்த்தால் 1832, அதில் 1024 போக 808. சுவர் இல்லாதபோது 31–37 ஆக இருந்த அடி, சுவரோடு 35–42 ஆக வேண்டும். சின்ன நஷ்டம். மூன்று முறை போட்டால் 999-இல் நின்றுவிடும். இரட்டிப்பு 1998, 1024 போக 974. சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 28–34. அதாவது ரிஃப்ளெக்ட் ஒருமுறை ஓட்டுக்குள் ஒடுங்கியவரைக் கவிழ்க்கும், இரண்டு முறை ஒடுங்கியவரை லேசாகக் கிள்ளும், மூன்று முறை ஒடுங்கியவரை ஒன்றும் செய்யாது. வேறெந்த விளக்கமும் இப்படி ஒரு கோணல் வரிசையைத் தராது.

இன்னொரு முன்னறிவிப்பும் உண்டு. தற்காப்பு சரியாக 512 அல்லது 513 ஆக இருக்கும்போது ரிஃப்ளெக்ட் போட்டால், கால் பங்கு 256. பைட்டில் மிஞ்சுவது பூஜ்யம். இந்த இயந்திரத்தில் வகுத்தல் என்பது திரும்பத் திரும்பக் கழிப்பது, பூஜ்யத்தை எத்தனை முறை கழித்தாலும் கழிபடும் எண் தீராது. விளையாட்டு அப்படியே உறைந்து நிற்கும். தாக்குதல் பூஜ்யமானால் அதை 1 ஆக்கிவிட நிரலில் காவல் போட்டிருக்கிறார்கள், தற்காப்புக்கு மட்டும் போடவில்லை.

எல்லாப் பிழையும் ஒரே அடியில் இப்படி மாட்டிக்கொள்ளாது. ஃபோகஸ் எனர்ஜி என்ற வித்தை கிரிட்டிகல் விழும் வாய்ப்பை நான்கு மடங்காக்க வேண்டியது. ஓரிடத்தில் பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்துவதற்குப் பதில் (அப்படி நகர்த்தினால் எண் பெருகும்) வலப்பக்கம் நகர்த்திவிட்டதால் (எண் குறையும்) கால்வாசியாக்குகிறது. ராட்டிகேட் என்ற எலிக்குச் சாதாரணமாக 256-க்கு 48 வாய்ப்பு, ஃபோகஸ் எனர்ஜி போட்டதும் 12. பத்து அடியில் இது தெரியாது. நூறு அடியை எண்ணினால் 19 வாக்கில் இருந்தது 5 வாக்கில் வந்து நிற்கும், அப்போது சந்தேகம் தீரும். அதைவிட நுணுக்கமானது, 'நூறு சதவீதம் படும்' என்ற அடி 256-க்கு ஒரு முறை தவறுவது. 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எடுத்து, அது 255-ஐவிடச் சிறியதா என்று கேட்கிறார்கள். 255-ஏ வந்துவிட்டால் அடி காற்றோடு போகும். அப்படி ஒன்றையாவது பார்த்தே தீருவேன் என்று 95 சதவீத நிச்சயத்தோடு உட்கார வேண்டுமென்றால் 766 அடி அடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையன் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்?

ரிஃப்ளெக்ட் கதை முதல் தலைமுறையோடு முடியவில்லை. 1999-இல் வந்த கோல்ட், சில்வர் விளையாட்டுகளிலும் அதே வழிதல் இருந்தது. 2000-இல் வந்த கிரிஸ்டலில் அதைச் சரிசெய்தார்கள், ஆனால் பாதிதான். கேபிள் போட்டியில் இரண்டு கேம் பாய்களும் ஒரே சண்டையைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ஒன்று 25 என்றும் மற்றது 93 என்றும் சொன்னால், ஒரு திரையில் செத்த ஜந்து மற்றதில் உயிரோடு நிற்கும். ஏற்கெனவே விற்றுப்போன கோல்ட், சில்வர் கேட்ரிட்ஜ்களை யாராலும் திருத்த முடியாது. அதனால் கிரிஸ்டலில் தனியாக ஆடினால் கணக்கு சரியாக வரும். கேபிளைச் செருகியதும் அது பழைய தப்புக் கணக்கையே போட ஆரம்பிக்கும்.