பலகையில் எழுதாத விலை

சனிக்கிழமை காலை வந்த தம்பி உட்காரும்போதே கைபேசியை நீட்டினார். வாசலில் விற்பனைப் பலகை நட்ட ஒரு வீட்டின் படம். விலை 12 லட்சம் ராண்ட். "அண்ணா, வருஷா வருஷம் ஏறிட்டே போகுது. இப்ப விட்டா அப்புறம் தொடவே முடியாது. இவளும் சரின்னுட்டா" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவியின் முகம் சரி என்று சொன்ன முகமாகத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து கொடுப்பது என் பிழைப்பு. இங்கே அந்தக் கடனுக்குப் பெயர் 'பாண்டு'. ஒரே விண்ணப்பத்தை நாலைந்து வங்கிகளுக்கு அனுப்பி, யார் குறைந்த வட்டி சொல்கிறார்களோ அங்கே முடித்துக் கொடுப்பேன். கமிஷன் வங்கி தருவது. வாங்குபவர் கையிலிருந்து எதுவும் போகாது. கடன் பெரிதானால் என் கமிஷனும் பெரிதாகும். அதையும் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

விலை ஏறுகிறது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. கேப் டவுன் பக்கம் ஏறிய வேகத்தில் டர்பனில் ஏறவில்லை. ஆனால் கேப் டவுன் செய்தியைப் படித்துவிட்டு, டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பதறுகிறவர்கள் நிறைய. நம் ஊரில் குடும்பங்களைச் சாய்த்தது பலகையில் இருக்கும் விலையைவிட வட்டிதான்.

10 லட்சம் ராண்ட் கடன், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 2021 நடுவில் பிரைம் வட்டி, அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி, 7 சதவீதம். மாதத் தவணை 7,753 ராண்ட். 2023 மே மாதம் அதே பிரைம் 11.75 சதவீதத்தில் போய் நின்றது. அந்த வட்டியில் தவணை 10,837. இங்கே பெரும்பாலான பாண்டுகள் மிதக்கும் வட்டியில் ஓடுபவை; ரிசர்வ் வங்கி ஏற்றினால் அடுத்த மாதமே நம் தவணையும் ஏறும். வீடு அதேதான், சுவர் அதேதான், மாதச் செலவு மட்டும் மூவாயிரத்தை ஒட்டிக் கூடிவிட்டது. 2021இல் 'வாடகைக்குக் கொடுப்பதை பாண்டுக்குக் கட்டலாமே' என்று வாங்கிய பலர் 2023இல் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரிலிருந்து வட்டி படிப்படியாக இறங்கி, 2025 நவம்பரில் பிரைம் 10.25க்கு வந்தது. தவணை 9,816. இறங்கியது நல்லதுதான். ஏற முடிந்தது மறுபடியும் ஏறும் என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 11.75 சதவீதத்தில் முதல் மாதம் கட்டும் 10,837இல் 9,792 ராண்ட் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 1,045. இரண்டு வருடம் கட்டிவிட்டு 'இவ்வளவு கட்டியும் கடன் அப்படியே நிற்கிறதே, வங்கி ஏமாற்றுகிறதா?' என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு எண்களைத்தான் எழுதிக் காட்டுவேன். இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்பும். 10.25 சதவீதத்தில் மாதம் 500 ராண்ட் மட்டும் கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடன் ஏறத்தாழ 33 மாதம் முன்னதாகவே முடிந்துவிடும்.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம். இருவர் சம்பளமும் சேர்த்துப் பிடித்தத்துக்கு முன் 38,000. கையில் முன்பணம் இல்லை. 12 லட்சமும் கடனாகவே வேண்டும். அதற்கு 10.25 சதவீத பிரைமில் தவணை 11,780. வருமானத்தில் சுமார் 30 சதவீதம் என்பது வங்கிகள் பொதுவாகப் பார்க்கும் அளவு. அதை இது லேசாகத் தாண்டுகிறது. பே ஸ்லிப்பைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். கார் தவணை. நகராட்சி ரேட்ஸ், அதாவது வீட்டு வரி. தண்ணீர், மின்சாரம். வங்கி கட்டாயமாகக் கேட்கும் கட்டட இன்சூரன்ஸ். அதுவரை பேசாமல் இருந்த அந்தப் பெண் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். குழந்தையின் கிரெஷ் கட்டணத்தை எழுதினார். அதன் கீழே, "அம்மாவுக்கு மாசா மாசம் அனுப்பறதை யாரும் எழுதலையே" என்று சொல்லி அதையும் எழுதினார். தம்பி கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டியது தனி. 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 ராண்ட் வரையிலான வீட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் டியூட்டி (வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரி) கிடையாது; இவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம். ஆனால் வீட்டைப் பெயர் மாற்றும் வக்கீல் ஒருவர், பாண்டைப் பதியும் வக்கீல் இன்னொருவர். இந்த விலைக்கு ஒவ்வொருவருக்கும் முப்பதாயிரத்துக்கு மேல் போகும். இதில் வேடிக்கை, பெயர் மாற்றும் வக்கீலை வழக்கமாக விற்பவர் தேர்ந்தெடுப்பார், பில்லை வாங்குபவர் கட்டுவார். 'நூறு சதவீதம் கடன்' என்று விளம்பரத்தில் படித்துவிட்டு வெறுங்கையோடு வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். தனிநபர் கடன் வாங்கி வக்கீலுக்குக் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம்.

குடும்ப வருமானம் மாதம் 3,501 முதல் 22,000 ராண்டுக்குள் இருந்து, இதுதான் முதல் வீடு என்றால், 'ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ்' என்ற அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு இதற்கு ஃபிலிஸ்ப் என்று பெயர். தென்னாப்பிரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இருக்க வேண்டும். தகுதி இருந்தும் கேட்காமலே விட்டவர்கள் அதிகம்.

வாங்கவே முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? அப்பா வீட்டிலேயே பின்பக்கம் இரண்டு அறை கட்டிக்கொள்கிறார்கள். நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கிளப்பி, அறுபதுகளில் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து வைத்தபோது கிடைத்தவை சின்னச் சின்ன நகராட்சி வீடுகள். முதலில் வாடகை, பிறகுதான் சொந்தம். பிள்ளைகள் பெருகப் பெருக முன்னால், பின்னால், மேலே என்று அவரவர் கட்டிக்கொண்டார்கள். பாதிக்கு நகராட்சி அங்கீகரித்த பிளான் கிடையாது. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்போதுதான் அந்த அறைகள் காகிதத்தில் இல்லை என்பது தெரியும். விற்கப் போனாலும் இதே தலைவலி.

சாட்ஸ்வர்த்தின் கிராஃப்ட்டீனில் ஓர் ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்குக் கல்யாணம், வெளியே வீடு வாங்க வழியில்லை, வீட்டின் மேல் பாண்டு போட்டு மாடி எடுக்கலாம் என்று யோசனை. ஆயா சாமி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். விபூதி வாசனை. உள்ளே டைட்டில் டீட் என்ற வீட்டுப் பத்திரம், ஓரமெல்லாம் துணி போல மெத்தென்று தேய்ந்திருந்தது. பெயரைப் படித்தேன். தாத்தாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. தாத்தா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது.

"நாங்கதானே ரேட்ஸ் கட்டறோம் தம்பி" என்றார் ஆயா. கட்டுகிறார்கள், ஒரு மாதம் தவறாமல். ஆனால் பதிவேட்டில் அந்த வீடு இன்னும் இறந்தவருடையது. அதன் மேல் எந்த வங்கியும் பாண்டு தராது. உயிலைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு. இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் எஸ்டேட்டைப் பதிந்து, சொத்தைக் கையாள அதிகாரம் தரும் நிறைவேற்றுநர் கடிதம் வாங்கி, பிறகுதான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பெயர் மாற்றம். ஐந்து பிள்ளைகளில் ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவர் உயிரோடு இல்லை, ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. வருடக்கணக்கில் இழுக்கும் என்று சொன்னேன். தாத்தா இறந்த வருடமே செய்திருந்தால் இத்தனை பேரைத் தேடவே வேண்டியிருந்திருக்காது. அதை நான் சொல்லவில்லை; பேரனே சொல்லிவிட்டார்.

ஆயா பத்திரத்தை மடித்து உறையில் வைத்தார். "அவன்கிட்ட நானே பேசறேன்" என்றார், பேசாமல் இருக்கும் மகனைத்தான். பேரன் அத்தையின் ஆஸ்திரேலியா எண்ணைக் கைபேசியில் தேட ஆரம்பித்தான்.