முதல் ஓ.டி. அப்பாயின்ட்மென்ட்டா? டிபன் பாக்ஸோடு வாங்க

பெங்களூரில் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.), அதாவது அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சை, கொடுப்பது என் வேலை. அல்சூர், மர்பி டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் வருகிறார்கள், ஐ.டி. வேலைக்காக வொயிட்ஃபீல்டில் வந்து இறங்கியவர்களும் வருகிறார்கள், ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்தும் வருகிறார்கள். யாராக இருந்தாலும் முதல் நாள் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். குழந்தைக்குப் புது டிரஸ், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வழியெல்லாம் "ஆன்ட்டி கேட்டா ஏ பி சி டி சொல்லணும், சமத்தா உட்காரணும்" என்று பாடம். எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்குக் கூட்டிப்போவது மாதிரியே தயார் செய்து கூட்டிவருகிறார்கள். தயார் ஆக வேண்டியது நீங்கள்தான், குழந்தை இல்லை. அவன் வீட்டில் எப்படி இருக்கிறானோ அப்படியே வந்தால் போதும்.

நாங்கள் பார்ப்பது சாப்பிடுவது, உடுத்துவது, பல் தேய்ப்பது, பாத்ரூம் போவது, விளையாடுவது, எழுதுவது, இவ்வளவுதான். இதில் எது சிக்குகிறது, ஏன் சிக்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் சந்திப்பு. அதனால் ரைம்ஸ் சொல்லத் தெரியுமா என்பதைவிட, டிபன் பாக்ஸைத் திறக்கத் தெரியுமா என்பது எனக்கு முக்கியம்.

டிபன் பாக்ஸை உண்மையாகவே கொண்டு வாருங்கள். தினமும் கொடுக்கிற அதே டப்பா, அதே சாப்பாடு. நாலரை வயதுப் பையன் ஒருவன் முன்னால் டப்பாவை வைக்கிறோம் என்று வையுங்கள். இடது கை டப்பாவைப் பிடிக்கிறதா, இல்லை சும்மா மடியில் கிடக்கிறதா? க்ளிப்பைத் தூக்க விரல் நுனியைப் போடுகிறானா, முழு உள்ளங்கையால் தள்ளுகிறானா? திறக்காவிட்டால் அடுத்து என்ன செய்கிறான்: வேறு வழியில் முயற்சிக்கிறானா, டப்பாவைத் தள்ளிவிடுகிறானா, அம்மா முகத்தைப் பார்க்கிறானா? பத்து செகண்டில் இவ்வளவும் தெரியும், பக்கத்திலிருந்து ஒரு கை வந்து "குடு கண்ணா" என்று திறந்துவிடாமல் இருந்தால். அந்தக் கை எப்போதும் வந்துவிடுகிறது! திட்டவில்லை, பள்ளிக்கு நேரமாகிற வீட்டில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்த அறையில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

உள்ளே இருக்கும் சாப்பாடும் ஒரு தகவல். மிக்சியில் அரைத்த தயிர் சாதம் தவிர எதுவும் இறங்காத குழந்தைகள் இருக்கிறார்கள், முறுக்கு மாதிரி மொறுமொறுப்பானதை மட்டும் தேடும் குழந்தைகளும் இருக்கிறார்கள். சாதத்தில் கை வைத்தாலே விரலை உதறுகிறானா என்று பாருங்கள். "சரியா சாப்பிட மாட்டான்" என்று சொல்வதைவிட, எதைச் சாப்பிடுகிறான், எதைத் துப்புகிறான், யார் ஊட்டினால் சாப்பிடுகிறான் என்று ஒரு பேப்பரில் எழுதிவந்தால் நேரம் மிச்சம்.

அப்புறம் வீடியோ. முடி வெட்டும்போது, நகம் வெட்டும்போது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, குக்கர் விசில் அடிக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று ஒரு நிமிட வீடியோ போதும். கிளினிக்கில் குக்கர் இல்லை. வீடு பெருக்காமல் கிடந்தால் கிடக்கட்டும், அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பிறந்தநாள் வீடியோவில் அழகாகச் சிரித்துக்கொண்டு நிற்பதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

பேப்பர்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, காது டெஸ்ட், கண் டெஸ்ட் ரிப்போர்ட், சாப்பிடும் மருந்துகளின் பெயர், பள்ளிக்குப் போகிற குழந்தை என்றால் ஒரு பழைய நோட்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று ஒரு வயது என்றால், வளர்ச்சியை ஒன்பது மாதக் குழந்தையின் கணக்கில்தான் பார்க்க வேண்டும். சுமார் இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். எவ்வளவு பயம் இதிலேயே குறைந்துவிடும் என்று சொல்லி முடியாது.

இரண்டு விஷயங்களை மறைக்கவே கூடாது. ஒன்று, எப்போதாவது ஃபிட்ஸ் வந்திருந்தால், ஒரே ஒரு தடவை காய்ச்சலோடு வந்திருந்தாலும். ஊஞ்சலில் ஏற்றிச் சுற்றுவதற்கு முன் எங்களுக்கு அது தெரிய வேண்டும். இரண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் கழுத்து பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பது. சிலருக்குக் கழுத்தின் மேல்பக்கத்து எலும்புகள் இரண்டுக்கும் இடையே பிடிமானம் தளர்வாக இருக்கும், குட்டிக்கரணம் போடவைப்பது ஆபத்து. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோயின, நடந்த குழந்தை தடுமாறுகிறது என்றால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள், முதலில் குழந்தை நல மருத்துவரிடம் ஓடுங்கள்.

யார் கூட வர வேண்டும்? பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யாரோ அவர். பல வீடுகளில் அது பாட்டி. அப்பா லேப்டாப்பில் சார்ட் போட்டு எடுத்துவருவார், "அவன் சட்டை காலர் லேபிளைக் கத்தரிச்சாத்தான் போடுவான்" என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

மொழியையும் சொல்லிவையுங்கள். இந்த ஊர்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், வேலைக்கு வரும் அக்காவோடு இந்தி. தண்ணீருக்கு, உச்சாவுக்கு, பயத்துக்கு அவன் என்ன வார்த்தை சொல்வான் என்று எங்களுக்குத் தெரிந்தால் பாதி அழுகை நிற்கும். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகிறது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், தமிழை நிறுத்தவும் வேண்டாம்.

அப்பாயின்ட்மென்ட் நேரம் கேட்கும்போது குழந்தை தூங்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சில்க் போர்டு சிக்னலில் மாட்டி, காரில் அயர்ந்து தூங்கி, வாசலில் எழுப்பி இறக்கிவிடப்பட்ட குழந்தையிடம் யாரும் எதையும் பார்க்க முடியாது. "ஊசி போடமாட்டாங்க, ஊஞ்சல் இருக்கும், அம்மா கூடவே இருப்பேன்" என்று முந்தின நாள் சொன்னால் போதும். சாக்லேட் லஞ்சம் பேசாதீர்கள், அறைக்குள் முழு நேரமும் அந்தச் சாக்லேட்டைப் பற்றியே பேச்சாக இருக்கும்.

உள்ளே போனால் பந்து, மணி கோர்ப்பது, கத்தரிக்கோல், படி ஏறுவது என்று எல்லாம் விளையாட்டாகத்தான் தெரியும். "இதுக்கா காசு?" என்று தோன்றினால் கேளுங்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்குவது எங்கள் கடமை. முழு நேரமும் அழுதாலும் வீணில்லை. எதற்கு அழுதான், எப்படி அடங்கினான் என்பது எங்களுக்குப் பெரிய தகவல். ஆனால் ஆட்டிசமா இல்லையா என்று அன்றைக்கே என்னிடம் முடிவு கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியது மருத்துவரும் உளவியலாளரும்.

போர்டு வைத்தவர்கள் எல்லாம் தெரபிஸ்ட் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பி.ஓ.டி. என்ற ஆக்குபேஷனல் தெரபி பட்டம் இன்டர்ன்ஷிப் சேர்த்துப் பல வருடப் படிப்பு. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் எங்கள் தொழிலையும் பதிவு செய்ய வேண்டிய தொழில்களில் சேர்த்திருக்கிறது. சர்டிஃபிகேட் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாரத்துக்கு ஐந்து செஷன், மூன்று மாதப் பணம் முன்கூட்டியே என்று முதல் நாளே யாராவது பேக்கேஜ் பேசினால், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிடுங்கள். செலவு கட்டாது என்றால் பெங்களூரில் மத்திய அரசின் நிமான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள், 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் நடக்கும் இலவச ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைப் பற்றி அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுப்பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்ய என்ன, எத்தனை நாள், எதைப் பார்த்து முன்னேற்றம் என்று தெரிந்துகொள்வது என்று எழுதி வாங்குங்கள். பத்துப் பயிற்சி எழுதிக் கொடுத்தால், "இதில் எங்கள் வீட்டில் நடக்கக்கூடியது இரண்டு எது?" என்று திருப்பிக் கேளுங்கள்.