பழைய லேப்டாப்பை அதன் பழைய கம்பெனி விட்டுவிட்டதா?

போன செப்டம்பரில் ஒரு அப்பாவும் மகளும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார்கள். மகள் இன்ஜினியரிங் முதல் வருடம். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், சீட்டு எடுத்த பணத்தில் 19,000 ரூபாய் கொடுத்து ஒரு ரீஃபர்பிஷ்டு டெல் லாட்டிட்யூட் வாங்கித் தந்திருந்தார். இரண்டு வாரம் நன்றாகவே ஓடியிருக்கிறது. கொஞ்சம் மெதுவாக இருக்கிறதென்று ஹாஸ்டலில் சீனியர் ஒருவர் ரீசெட் செய்து கொடுக்க, வைஃபை கனெக்ட் ஆனதும் திரையில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரும் லோகோவும் வந்து அலுவலக இமெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்டிருக்கிறது. "அண்ணா, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டாள்.

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த லேப்டாப் அவர்களிடம் விற்கப்பட்ட நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

இந்த மாதிரி லேப்டாப்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் எல்லாம் மூன்று நான்கு வருடத்தில் மாற்றப்படும். பழையவை மொத்தமாக லாட்டில் விலைக்குப் போகும், அங்கிருந்து பிரிந்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும், நம் ஊர்க் கடைகள் வரைக்கும் வந்து சேரும். நல்ல சரக்குதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாக 30,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் லேப்டாப்பை விட, நன்றாகப் பராமரித்த ஒரு பழைய திங்க்பேட்டைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன். கீல் சுலபத்தில் உடையாது, கீபோர்டு நன்றாக இருக்கும், கழற்றி வேலை பார்க்கவும் சுலபம்.

ஆனால் கம்பெனி லேப்டாப் என்றால் கம்பெனியின் பூட்டும் அதில் இருக்கும். விண்டோஸ் ஆட்டோபைலட் என்று ஒரு ஏற்பாடு. கம்பெனியின் ஐடி துறை ஒவ்வொரு லேப்டாப்பின் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்து வைத்துவிடும். அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பில் எப்போது விண்டோஸ் ப்ரோவைப் புதிதாக ஏற்றி இணையத்தில் இணைத்தாலும், "இது இன்ன கம்பெனியுடையது" என்று அது தெரிந்துகொண்டு அந்தக் கம்பெனியின் லாகின் பக்கத்துக்கே போய் நிற்கும். விண்டோஸும் ஃபைல்களும் இருக்கும் டிஸ்க்கை, அதாவது எஸ்எஸ்டியை, மாற்றினாலும் போகாது, ஏனென்றால் அந்த அடையாளம் மதர்போர்டோடு சேர்ந்தது. விற்கும்போது பதிவை நீக்க வேண்டியது கம்பெனிதான். அவர்கள் மறந்துவிடலாம், அல்லது அந்த லேப்டாப் முறையாக விற்கப்படாமலே வெளியே வந்திருக்கலாம். நடுவில் உள்ளவர்கள் இணையத்தில் இணைக்காமல் விண்டோஸை ஏற்றி விற்றுவிட்டால் அடுத்த ரீசெட் வரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அதனால் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் விலை இல்லை, ராம் எத்தனை ஜிபி என்பதும் இல்லை. "என் கண் முன்னால் ரீசெட் பண்ணுங்க, செட்டப் ஓடும்போது நெட் கனெக்ட் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டையே கொடுங்கள். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும், டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். சாதாரணமாக உங்கள் பெயரைக் கேட்டால் நல்லது, கம்பெனி பெயர் வந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனி லேப்டாப்களில் பெரும்பாலும் ப்ரோ பதிப்புதான் இருக்கும். அதில் ஹோம் பதிப்பு ஏற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், ஆட்டோபைலட் ஹோம் பதிப்பில் வேலை செய்யாது, அதனால் பூட்டு இருந்தாலும் வெளியே தெரியாது. நேரமில்லை என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

அதே இடத்தில் பயாஸுக்குள்ளும், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரைக்குள்ளும், போய்ப் பாருங்கள். ஆன் செய்தவுடன் டெல்லில் எஃப் 2, எச்பியில் எஃப் 10, திங்க்பேடில் எஃப் 1. பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். உள்ளே அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற பகுதியில் ஆக்டிவேட்டட் என்று இருந்தாலும் வேண்டாம், அது தொலைந்த லேப்டாப்பைக் கண்டுபிடிக்கவும் தூரத்திலிருந்து முடக்கவும் கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் வசதி. பயாஸில் தெரியும் சீரியல் நம்பரும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஒன்றாக இருக்க வேண்டும். மேக்புக் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான், பழையவரின் ஆப்பிள் ஐடியோ கம்பெனியின் ரிமோட் மேனேஜ்மென்ட்டோ மாட்டியிருந்தால் அது உங்களுடையது ஆகாது.

பில் வாங்குங்கள், அதில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். "பில் வேண்டாம்னா ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கலாம்" என்று சொல்வார்கள், அந்த ஆயிரத்துக்கு ஆசைப்படாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். சந்தையில் பாதி விலைக்கு, பில் இல்லாமல், சார்ஜர் இல்லாமல் ஒருவர் லேப்டாப் விற்கிறார் என்றால் அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

சரி, அடுத்து இன்டெல் ப்ராசசரின் ஐ7 ஸ்டிக்கர். அதைப் பார்த்ததும் எல்லோரும் விழுந்துவிடுகிறார்கள், கடைக்காரர்களுக்கும் அது தெரியும். ஆனால் ஐ7-4600யூ என்பது 2013-ல் வந்த, இரண்டே கோர் உள்ள ப்ராசசர். ஐ5-8250யூவில் நான்கு கோர். நடுவில் உள்ள சின்னக் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஓரிரு இலக்கம்தான் தலைமுறை, 8250 என்றால் எட்டு, 10210 என்றால் பத்து, 1135 என்றால் பதினொன்று. லேப்டாப்களில் எட்டாவது தலைமுறைதான் பெரிய தாண்டல், அதோடு விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறையாக ஆதரிப்பதும் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர அங்கிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆறாவது தலைமுறையில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றி "ஓடுதே சார்" என்று காட்டுவார்கள், ஓடும்தான், ஆனால் பெரிய அப்டேட் வரும்போது என்ன ஆகும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பணம் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் அந்தப் பழையதையே இன்னும் குறைத்துக் கேட்டு வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ப்ரோகிராமிங் படிக்கிற பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போதும்.

ராம் 8 ஜிபிக்குக் குறைந்து வேண்டாம், பின்னால் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் போன்ற மெல்லிய மாடல்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். திரையை முழு வெள்ளையில் ஒரு முறை, முழுக் கறுப்பில் ஒரு முறை வைத்துப் பார்த்தால் புள்ளியும் அழுத்தின தடமும் தெரிந்துவிடும். ஒவ்வொரு கீயையும் தட்டுங்கள், எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவ் செருகுங்கள்.

பேட்டரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. டச்பேட் லேசாக மேலே தூக்கியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். உப்பாத பேட்டரிக்கு விண்டோஸிலேயே ரிப்போர்ட் எடுக்கலாம், கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொன்னால் கடைக்காரருக்கே தெரியும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு என்று இரண்டு எண் இருக்கும். 60,000-க்கு 45,000 இருந்தால் பரவாயில்லை, 25,000 என்றால் புது பேட்டரி விலையை லேப்டாப் விலையில் கழித்துப் பேசுங்கள். நான்கு வருடப் பழைய லேப்டாப்பில் நூற்றுக்கு நூறு காட்டினால், மாற்றிப் போட்ட பேட்டரி எந்த கம்பெனியுடையது என்று கேளுங்கள், டூப்ளிகேட் பேட்டரிகள் தப்பான கணக்கும் காட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கடைக்காரர் ஏற்றிக்கொடுத்த விண்டோஸில் பேங்க் வேலை எதுவும் பார்க்காதீர்கள். "லைஃப்டைம் ஆபீஸ்" என்று கிராக் போட்டுத் தரும்போது ஆன்டிவைரஸைச் சில ஃபோல்டர்களைப் பார்க்காதே என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள், சி டிரைவ் முழுவதையுமே விலக்கி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்களே இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் போட்டுச் சுத்தமாக ஏற்றுங்கள். பெரும்பாலான கம்பெனி லேப்டாப்களில் ப்ரோ லைசென்ஸ் பயாஸிலேயே இருக்கும், நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கிராக்குக்குத் தேவையே இல்லை.

ஏற்கெனவே வாங்கி, பூட்டில் மாட்டிக்கொண்டவர்கள் "மூவாயிரம் கொடு, அன்லாக் பண்றேன்" என்பவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் செய்வதும் நெட் இல்லாமல் ஏற்றுவதுதான், அடுத்த ரீசெட்டில் மறுபடி வந்து நிற்கும். முதலில் விற்றவரிடம் திருப்பிக் கேளுங்கள். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் முறையான பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டு ஒன்றுதான் இருந்தது, கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நல்லவேளையாக அந்தச் சீட்டில் கையால் சீரியல் நம்பர் எழுதியிருந்தது. திரையில் வந்த கம்பெனியின் ஐடி துறைக்கு, சீட்டின் போட்டோவையும் திரையின் போட்டோவையும் வைத்து அவள் பெயரிலேயே மெயில் எழுதினோம். பதில் வரும் வரைக்கும் காலேஜ் லேபிலேயே வேலையை முடித்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து இரண்டு வரி வந்தது: அந்த லேப்டாப் அவர்கள் விற்ற பட்டியலில் இருக்கிறது, பதிவை நீக்கிவிட்டோம், மறுபடி ரீசெட் செய்து பாருங்கள்.