தொப்பூர் ஏற்றத்தில் கொதித்த பெட்ரோல்

கிருஷ்ணகிரியில் எங்கள் குடும்பத்தார் வாங்கிய ஃபியட் 1100, 1972-இல் முதற்பதிவு பெற்றது. பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய அதே வகை, 1089 சி.சி. எஞ்சின். தரைத்தகட்டின் துருவைப் பெயர்த்து டிங்கரிங் செய்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பெயின்ட் அடித்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முதல் நெடும்பயணமாகச் சேலம் சென்று, சித்திரை வெயிலின் உச்சி நேரத்தில் திரும்பியபோது, தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை விக்கி, பிறகு நின்றே விட்டது. தொலைபேசியில் மெக்கானிக் கேட்டதும் சொன்னார்: "ஏர் லாக் ஆயிருக்குங்க, ஈரத்துணிய பெட்ரோல் பம்பு மேல போட்டு இருபது நிமிஷம் விடுங்க." அப்படியே செய்தோம், வண்டி கிளம்பியது. ஆனால் அவர் சொன்ன பெயர் மட்டும் சரியில்லை. அடைத்துக்கொண்டது காற்றன்று, பெட்ரோலின் ஆவி.

இவ்வகைக் கார்களில் பெட்ரோல் டாங்க் பின்பக்கமும் எஞ்சின் முன்பக்கமும் இருப்பதால், எரிபொருளை இழுத்து வந்து, அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு ஊட்டும் பம்பு எஞ்சின் உடம்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு சுழலும்போது ஒரு நெம்புகோல் ஆடி, டயாபிரம் எனப்படும் வளையும் சவ்வைக் கீழிழுக்கிறது. பம்புக்குள் அழுத்தம் குறைய, டாங்கிலிருந்து பெட்ரோல் ஏறி வருகிறது. பிறகு ஒரு சுருள்வில் சவ்வை மேலே தள்ள, அதே பெட்ரோல் கார்புரேட்டரை நோக்கிப் போகிறது. திரும்பி ஓடாதபடி காக்க ஒருவழி வால்வுகள் இரண்டு உண்டு. மிக எளிய கருவிதான். ஆனால் திரவத்தை மட்டுமே கையாளத் தெரிந்த கருவி.

தண்ணீரைப் போல் பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை கிடையாது. பல ஹைட்ரோகார்பன்களின் கலவையான அதில் மிக இலேசானவை 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமானவற்றுக்கு 200 டிகிரி வரை வேண்டும். அழுத்தம் குறைந்தால் இந்த அளவுகளும் இறங்கும் என்பதுதான் இங்கே முக்கியம். டாங்க் முதல் பம்பு வரையுள்ள குழாயில் பெட்ரோல் உறிஞ்சப்படுவதால், அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்தக் குழாய் வந்து முடியும் இடமோ சுட்டுக்கொண்டிருக்கும் எஞ்சினின் பக்கவாட்டு. கொதிப்பதற்கு இதைவிட வாய்ப்பான இடம் வண்டியில் வேறெதுவும் இல்லை. ஒரு மில்லிலிட்டர் பெட்ரோல் ஆவியானால் 200 மில்லிலிட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பம்பின் அறையில் அந்த ஆவி நிறைந்துவிட்டால், சவ்வு கீழிறங்கும்போது ஆவி விரிகிறது, மேலேறும்போது சுருங்குகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அடித்தால் எப்படியோ, அப்படி. பம்பு ஓயாமல் உழைத்தும் கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது.

ஏற்றத்தில் இது நேர்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் கியரில் மெல்ல ஏறும் வண்டியின் எஞ்சின் அதிக வெப்பத்தை உமிழ, பானெட்டுக்குள் புகும் காற்றோ குறைந்துவிடுகிறது. எரிபொருள் மிகுதியாகத் தேவைப்படும் அதே நேரத்தில் வரத்து சுருங்குகிறது. வண்டியை நிறுத்தினால் நிலைமை முதலில் மோசமாகும், ஏனெனில் விசிறியும் நீரோட்டமும் நின்றதும் எஞ்சினில் தேங்கிய வெப்பம் பம்புக்குப் பரவும். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள 20 சதவீத எத்தனாலும் சேர்ந்துகொள்கிறது: தனியே 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால், இலேசான ஹைட்ரோகார்பன்களோடு சேரும்போது கலவையின் ஆவியாகும் போக்கைக் கூட்டிவிடுகிறது. பழைய ரப்பர்ச் சவ்வுகளையும் அது கெடுக்கும் என்பது வேறு கவலை.

ஈரத்துணி வேலை செய்வது மண்பானையின் வழியில்தான். ஒரு கிராம் நீரின் வெப்பம் ஒரு டிகிரி உயர ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராம் ஆவியாகிப் போக 500 கலோரிக்கு மேல் வேண்டும். அது பம்பின் உலோகத்திலிருந்து எடுக்கப்படுவதால், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமாகிறது. வறண்ட தருமபுரிக் காற்றில் இந்த வைத்தியம் கடற்கரையூர்களைவிட நன்றாகவே பலிக்கும். அவசரப்பட்டு வாளித் தண்ணீரைச் சூடான எஞ்சின் மேல் ஊற்றுபவர்களைக் கண்டிருக்கிறேன்; வார்ப்பிரும்பு வெடித்தால் செலவு வேறு கணக்கில் போகும்.

உண்மையான ஏர் லாக்கும் உண்டு. வெடித்த ரப்பர்க் குழாய் வழியே பம்பு காற்றை உறிஞ்சினாலும் வண்டி இதேபோல் விக்கும். ஆனால் அது குளிர்ந்த காலையிலும் விக்கும். எங்கள் வண்டி வெயிலிலும் ஏற்றத்திலும் மட்டுமே நின்றதால், குழாயை விட்டுவிட்டுப் பம்பைக் கழற்றிப் பார்த்தோம். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே இருக்க வேண்டிய தடித்த பேக்லைட் (கெட்டிப் பிளாஸ்டிக்) கட்டையைக் காணவில்லை. எஞ்சினைப் பூட்டிய பட்டறையில் அதற்குப் பதிலாகக் காகித கேஸ்கட் ஒன்றை வைத்திருந்தார்கள். வெப்பத்தை எளிதில் கடத்தாத பேக்லைட் அங்கே தடுப்புச்சுவராக நிற்கிறது. அதன் தடிமன் நெம்புகோலின் வீச்சையும் தீர்மானிப்பதால், கைக்கு வந்த கட்டையை வைக்கவும் முடியாது.

டாங்க் அருகே மின்பம்பு வைக்கலாமே என்றார் அண்ணி. அது சரியான யோசனைதான். டாங்கிலிருந்து தள்ளப்படும் பெட்ரோலில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் கூடும். இன்றைய கார்களில் டாங்கிற்குள்ளேயே பம்பு இருப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று. ஆனால் 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 'விஏ' வரிசை எண் வழங்கும் 2021-ஆம் ஆண்டு விதிகள் மூல வடிவத்தை வலியுறுத்துவதால், அண்ணன் இணங்கவில்லை. பட்டறையின் பழைய திருகாணி டப்பாவில் அந்தக் கட்டை கிடைத்தது. மறு வாரம் அதே நேரத்தில், அதே வெயிலில், ஐந்து பேருடன் தொப்பூரை ஏறினோம்; வண்டி நிற்கவில்லை. அம்மா மடியில் வைத்திருந்த ஈரத்துண்டு தருமபுரி வருவதற்குள் காய்ந்துவிட்டது.